விமானத்துக்கு ஒன்றுமில்லை

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு மகன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். ஏறியதிலிருந்தே பணிப்பெண்ணிடம் வம்பளந்துகொண்டு வந்தார்.

"உங்க டிரைவர் பரவாயில்லம்மா, நல்லாத்தான் ஓட்டறாரு. ஆனா ஹாரனே அடிக்க மாட்டேங்கிறாரே!"

"சும்மா இருங்களேன். அந்தப் பொண்ணுக்கு வேற வேலை இல்லையா?" என்று மனைவி அவர் தொடையில் தட்டினாள்.

விமானம் இறங்கத் தொடங்கியபோது மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. குலுக்கல் அதிகமானது. பணிப்பெண் பெல்ட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று சன்னல்கள் எல்லாம் வெளுத்தன. தலைக்கு மேலேயே பாறை பிளந்தது போல ஒரு சத்தம். விளக்குகள் அணைந்து, மறுபடி எரிந்தன. பின்னாலிருந்து யாரோ வீறிட்டார்கள்.

விமானி ஒலிபெருக்கியில் நிதானமாகப் பேசினார். மின்னல் விமானத்தைத் தாக்கியிருக்கிறது, அது வெளித்தகட்டின் மேலேயே ஓடி வெளியேறிவிட்டது, உள்ளே இருப்பவர்களை அது தொடாது, இதைத் தாங்கும்படிதான் விமானத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்றார். அத்தனையும் உண்மை. பணிப்பெண்ணும் அதையே வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

பஸ் டிரைவரின் முகம் வேர்வையில் நனைந்திருந்தது. சட்டைக் கழுத்தும் ஈரம்.

"பயந்துட்டீங்களா ஐயா?" என்று பணிப்பெண் கேட்டாள்.

"நானா? எத்தனை மழையில பஸ் ஓட்டியிருக்கேன்..." என்று சிரிக்கப் பார்த்தார்.

முன்வரிசையில் ஒரு குழந்தை மூச்சுப் பிடித்து அழுதது. அவள் அங்கே போனாள். திரும்பி வருவதற்குள் அவர் தலை மனைவியின் தோளில் சாய்ந்திருந்தது. "தூங்கறாரு" என்றாள் மனைவி. பணிப்பெண் தொட்டுப் பார்த்தாள். மூச்சு இல்லை.

இருக்கைகளுக்கு நடுவே நடைபாதையில் அவரைக் கிடத்தினார்கள். டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு ஒரு பல் டாக்டர் எழுந்து வந்தார். மார்பில் ஒட்டிய இதய அதிர்ச்சிக் கருவி, அதிர்ச்சி கொடுக்க வேண்டாம், தொடர்ந்து அழுத்தவும் என்றது. அவரும் பணிப்பெண்ணும் மாறி மாறி மார்பை அழுத்தினார்கள். தரை நெருங்கியதும் மூத்த பணிப்பெண், "வந்து உக்காரு, அடிபடப் போற!" என்று கத்தினாள். அவள் போகவில்லை. பல் டாக்டர் ஒரு கையால் இருக்கையின் காலையும் மறு கையால் அவள் இடுப்பு பெல்ட்டையும் பற்றிக்கொண்டார். சக்கரம் தரையில் மோதியபோதும் அவள் அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.

விமான நிலைய மருத்துவ அறையில் டாக்டர் கையுறையைக் கழற்றினார். மாரடைப்பு என்றார்.

கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் ஒருவர் பணிப்பெண்ணைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றபடியே, "மூக்குல பொட்டு மாதிரி கருகல், வால்ல ஒண்ணு. அவ்வளவுதான். விமானத்துக்கு ஒண்ணுமில்ல" என்று உற்சாகமாகச் சொன்னவர், உள்ளே உட்கார்ந்திருந்த, இறந்தவரின் மனைவியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"ஒண்ணும் ஆகலியாமா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா."

"நல்லதாப் போச்சு. அத்தனை பேர் இருந்தாங்களே." பிறகு பணிப்பெண்ணின் பக்கம் திரும்பினாள். "அவருக்கு வேர்த்துக் கொட்டுச்சே, பாத்தியா?"

பணிப்பெண் பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை.

"பாத்தேம்மா. பயந்துட்டாருன்னு நினைச்சேன்."

"நானும்தான். 'இவ்வளவு பெரிய ஆம்பள, இதுக்குப் போய்'னு கேலி பண்ணேன். கர்சீப்பை எடுத்துக் கையில திணிச்சேன். அவரால அதைப் பிடிக்கக்கூட முடியல."

கைப்பைக்குள் போன் அடித்தது. மகன் வெளியே, பயணிகள் வரும் வாசலில் நின்றிருந்தான்.

"நான் பேசட்டுமாம்மா?"

"வேண்டாம். வேத்துக் குரல் கேட்டா, அம்மா எங்கேன்னு தவிச்சுப் போயிடுவான்."

போனைக் காதில் வைத்தாள். அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எங்கம்மா இருக்கீங்க? எல்லாரும் வெளிய வந்துட்டாங்களே! அப்பா அங்கேயும் யார்கிட்டயாவது கதை அளந்துட்டிருக்காரா?"

போனைப் பிடித்த கையைப் பணிப்பெண் தன் கையால் தாங்கிக்கொண்டாள்.

"நீ உள்ள வாப்பா" என்றாள் அம்மா.