ஊறிய மொச்சை

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. சாவு வீட்டிலிருந்து மாடிப்படி அதிர ஓடின ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

மயிலாப்பூர் ஹவுசிங் போர்டு. தணிகாசலத்தின் பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீடு கழுவ ஆரம்பித்தார்கள். சமையலறையில் தண்ணீர் ஊற்றிய மகள் மணிமொழி, அலமாரியைப் பார்த்துத் திடுக்கிட்டாள். அப்பாவின் ஊறுகாய் பாட்டிலைக் காணோம்.

மொட்டை மாடியில் பெயின்ட் வாளிகளில் அவர் வளர்த்த மொச்சை. காய்ந்த நெற்றில் நல்லதாகப் பொறுக்கி, சாம்பலில் புரட்டி அதில் போட்டு வைத்த விதை. கொடிகளைச் சித்திரை வெயில் தின்றுவிட்டது; மிச்சம் அந்தப் பாட்டில்தான். "ஆடி பொறக்கட்டும், போட்டுடலாம்" என்பார். ஆடி பிறந்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

"அத்த, பாட்டில் எங்க?"

தணிகாசலத்தின் அக்கா சுப்பம்மா துடைப்பத்தை நிறுத்தவில்லை. "மேல்வூட்டு அமீனா பீ எத்துக்கினு போச்சு. நம்ம வூட்ல இன்னைக்கு அடுப்பு பத்த வெக்கக் கூடாதில்ல? அதான் கொயம்பு வெக்கிது."

மணிமொழி ஈரப்புடவையோடு மேல்வீட்டுக்குப் பறந்தாள்.

"அக்கா! போடாத!"

கொதிக்கும் புளித்தண்ணீருக்கு மேலே கிண்ணம் சாய்ந்திருந்தது.

"இன்னாடி, இப்டி வந்து வுயற? ஒரே சாம்பலு. நாலு தண்ணி அலசி காலைலயே ஊற வெச்சேன்."

"அது அப்பாவோட வெத!"

அமீனா பீ கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "யா அல்லா! மனுசனையே கொயம்பு வெக்க இருந்தேனே! மறுபடி காய வெச்சுடலாமா?"

"ஊறினது காஞ்சா செத்துடும். இன்னைக்கே போட்டாதான்."

இருவரும் மாடிக்கு ஓடினார்கள். வாளி வாளியாய் மண்ணைக் கிளறினார்கள். சுப்பம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"தீட்டு வூட்ல வெத போடுவாங்களாடி? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"நாளைக்கு இதுக்கு உசுரு இருக்காது, அத்த."

சுப்பம்மா கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தாள். நீர் குடித்துப் பருத்து, உள்ளங்கையில் பளபளத்தது.

"தம்பி எம்மாம் ஆழம் போடுவான்?"

"ஒரு வெரக்கட."

முந்தானையைச் செருகிக்கொண்டு மண்ணில் விரலை அழுத்தினாள்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது, கால் கழுவ வாசலில் வைத்த குடத்தைக் காணோம். திகைத்து நின்றவர்களின் தோளில், மொட்டை மாடி விளிம்பிலிருந்து செம்மண் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உங்க வீட்டு மாடியிலும் கொடி ஏறட்டும், தாயிகளா. அடுப்புக்குப் போக, விதைக்கும் ஒரு கை மிஞ்சட்டும்.