அவசரக்கார ஸமது

ஸுஹைல் மாத்தளை டவுனிலிருந்து அலுவிகாரை வீட்டுக்குத் திரும்பினான். ரயில் சாரதி வேலைக்கான கண் பரிசோதனையில் தோற்றுவிட்டான். புள்ளிப் படங்களுக்குள் இருந்த எண்கள் அவனுக்குத் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

"பிறவியில வந்தது. உம்மாவோட வாப்பாவுக்கு இருந்திருக்கும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அவர்கிட்ட இருந்து மகளுக்கு வரும், ஆனா மகள் கண்ணு நல்லாத்தான் இருக்கும். அவங்க பெத்த ஆம்பளப் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

வீட்டில் இதைக் கேட்ட வாப்பா ஜவாஹிர் சிரித்தார்.

"மாமா சொத்து ஒண்டும் தரல்லண்டு புலம்பினியே, முனவ்வரா! பேரனுக்கு எழுதி வெச்சிட்டுத்தான் போயிருக்கார்!"

ஸுஹைலின் உம்மா முனவ்வராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய வாப்பா அப்துல் ஸமத் மிளகுத் தோட்டம் வைத்திருந்தவர். கொத்தில் ஓரிரு மணி சிவந்ததும் பறிக்க வேண்டும். ஏணியில் ஏறுமுன், "மகள், பழுத்திருக்கா பாருங்க" என்று கூப்பிடுவார். அண்ணன்களை விட்டுத் தன்னைக் கூப்பிடுகிறாரே என்று அவளுக்கு ஒரே பெருமை. ஒரு வருஷம் அவளுக்கு அம்மை போட்டது. வாப்பா தனியாகப் போய் எல்லாவற்றையும் பிஞ்சிலேயே பறித்துவிட்டார். காய்ந்த மிளகு பதர் மாதிரி இருந்தது, கடைக்காரர் மூட்டையோடு திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் 'அவசரக்கார ஸமது'. ஊரோடு சேர்ந்து அவரும் சிரித்தார். அந்தப் பெயரோடுதான் மௌத்தாகி மண்ணுக்குள் போனார்.

"உம்மா." ஸுஹைல் போனை நீட்டினான். "டெஸ்டுக்கு ரெண்டாம் தடவையும் கூப்பிடுவாங்க. படமெல்லாம் இதுல ஈக்கி. நீங்க நம்பரச் சொல்லுங்க, நான் பாடமாக்குறேன்."

பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே எழுபத்துநாலு பளிச்சென்று தெரிந்தது. நாலு வயசிலிருந்து ரயில் ரயில் என்று திரிந்த பிள்ளை. முனவ்வராவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த எண்.

"சொல்ல மாட்டேன் மகன்."

"ஏன் உம்மா?"

"வாப்பாவுக்குப் பக்கத்துல நான் நிண்டேன். நான் இல்லாத வருஷம் மிளகுதான் போச்சு. ஒனக்குப் பின்னால பெட்டி நெறய சனம் ஈக்கும்."

அவன் போனைப் பறித்துக்கொண்டு அறைக்குள் போனான். ராத்திரி சாப்பிட வரவில்லை.

காலையில் அவனே ரயில்வே கந்தோருக்குப் போன் எடுத்தான். தனக்கு நிறம் பிரித்துத் தெரியாது என்று சிங்களத்தில் கூச்சப்படாமல் சொன்னான். டிக்கெட் கொடுக்கும் பிரிவில் இடம் இருக்குமா என்று கேட்டான். லைனிலேயே இருக்கச் சொன்னார்கள். முனவ்வரா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.