லேத் இல்லாத லேத் சார்

பாலக்கோட்டில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் நான் பொருளியல் நடத்துகிறேன். இருப்பது கொஞ்சம், வேண்டியது நிறைய, ஆகவே மனிதன் எதையாவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது. அதைப் பல வருடமாகத் தொண்டை கிழியச் சொல்லிவரும் அந்தோணி பிரகாஷ் சார், அதாவது நான், வீட்டில் வைத்துக்கொள்ள மரம் கடைகிற ஒரு சின்ன லேத்தைத் தேர்ந்தெடுக்க ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொண்டார் என்பது இதுவரை பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது.

மகள் கோயம்புத்தூரில் விடுதியில் சேர்ந்த பிறகு, தருமபுரியில் எங்கள் வீட்டில் சாயங்காலங்கள் நீளமாகிவிட்டன. என் மனைவி பிளசி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு மாலை ஷிஃப்ட் இருக்கும் நாட்களில் நானும் கைபேசியும்தான். அப்படி ஒரு நாள், ஒருவர் சுழலும் கட்டையில் உளியை வைக்கிற வீடியோ கண்ணில் பட்டது. சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. காபி ஆறுவதற்குள் கரடுமுரடான கட்டை ஒரு கிண்ணமாகிவிட்டது. நான் அன்றைக்கே கடைசல்காரன் ஆகிவிட்டேன். மெஷின் வாங்குவது மட்டும்தான் பாக்கி.

எந்த மெஷின் என்று பார்க்க ஆரம்பித்தேன். எவ்வளவு அகலமான கட்டையைச் சுற்றலாம், எவ்வளவு நீளம் மாட்டலாம், மோட்டாருக்குத் தெம்பு போதுமா, வேகத்தைக் குமிழ் திருகி மாற்றுவதா பெல்ட்டைக் கழற்றி மாட்டுவதா, இரும்பு கனமா தகரமா. ஒரு மெஷினை முடிவு செய்துவிட்டுப் படுப்பேன். காலையில் பல் துலக்கும்போது பார்க்கிற வீடியோவில் ஒருவர் அதே மெஷினைக் குப்பை என்பார். அவருக்குக் கீழே வேறொருவர், குப்பை என்றவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எழுதியிருப்பார். இருவருமே நியாயமாகப் பேசுவதுபோல் எனக்குத் தோன்றும்.

பிளசி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, அதில் என்னதான் செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள். அது எந்த லேத் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது என்றேன். காய்ச்சலில் உளறும் நோயாளிக்குத் தலையாட்டுவதுபோல் தலையாட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

இதற்கிடையில் வீட்டில் கடைசல் வேலை செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஒரே ஒரு சந்தேகம் கேட்கத்தான் சேர்ந்தேன். ஆனால் நான் கேட்பதற்கு முன்னால் வேறு யாரோ ஒரு சந்தேகம் கேட்டுவிட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொன்னேன். அவர் கைகூப்பி நன்றி போட்டார். அடுத்தவர் கேட்டார். எழுதக் கை வலித்ததால் குரல்பதிவு அனுப்ப ஆரம்பித்தேன். வகுப்பில் பழகிய குரல். கடைசி பெஞ்சு வரை கேட்கும். கொஞ்ச நாளில் குழுவில் யாருக்கு என்ன சந்தேகம் என்றாலும், அந்தோணி சாரைக் கேளுங்கள், அவர்தான் நம் லேத் சார் என்று மற்றவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. என்னிடம் லேத் இருப்பதாக ஒரு இடத்திலும் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை ஒருவர், சார் நீங்கள் எந்த மெஷின் வைத்திருக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டார். மெஷின் என்பது அவரவர் தேவையைப் பொறுத்தது என்று மூன்று நிமிடம் பேசி அனுப்பினேன். அவர் அதற்கும் நன்றி போட்டார்.

மணிமேகலை அந்தக் குழுவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் அங்கன்வாடி பணியாளர். அவருடைய மையத்துப் பிள்ளைகள் பிளாஸ்டிக் பொம்மைகளைக் கடித்துக் கடித்துப் பெயிண்டை விழுங்குகிறார்களாம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்குகிற மர வளையங்கள், பம்பரம், கிலுகிலுப்பை எல்லாம் தானே செய்துகொடுக்க ஆசை. கணவர் பெரியண்ணன் தக்காளி வண்டி ஓட்டுகிறார், திரும்பும்போது கட்டை ஏற்றி வந்துவிடுவார், மரத்துக்குப் பஞ்சமில்லை. எந்த லேத் வாங்கலாம்?

எனக்கென்று ஒரு வருடமாக முடிவெடுக்க முடியாத நான், மணிமேகலைக்கு ஒரே சாயங்காலத்தில் முடிவெடுத்துக் கொடுத்துவிட்டேன். கனமான வார்ப்பிரும்பு, வேகம் மாற்றக் குமிழ், அடக்கமான நீளம். மெஷின் சரியில்லை என்றால் மாட்டிக்கொள்ளப்போவது நானில்லை என்பதால் மூளை அவ்வளவு தெளிவாக வேலை செய்தது. அவரும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிவிட்டார்.

மெஷின் வந்து இறங்கிய சில நாட்களில் அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. கட்டையை மாட்டிச் சுவிட்சைப் போட்டால் மேசையோடு சேர்ந்து லேத் உதறுகிறதாம். நான் நாலைந்து காரணம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு, நீங்கள் தருமபுரிதானே, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்டார். பள்ளியில் தேர்வு என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். ஞாயிறு பூசை இருக்கிறது என்றேன். பூசை முடித்துக்கொண்டு வாருங்கள், மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான் என்றார். எனக்குத் தெரிந்த சாக்குகள் அத்தோடு தீர்ந்துவிட்டன.

ஸ்பீக்கரில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்த பிளசி, "நானும் வரேன்," என்றாள். "எதுக்கு?" என்றேன்.

"நீங்க அங்க போயி என்ன பண்ணப்போறீங்கன்னு பாக்கணும்."

பைக்கில் போகிற வழியெல்லாம் எனக்கு நானே வீடியோக்களை ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். வாசலில் மணிமேகலையும் பெரியண்ணனும் நின்றிருந்த விதத்தைப் பார்த்ததும் அந்த யோசனையும் போய்விட்டது. பெரியண்ணன் வெளுத்த வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். பள்ளி ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்காக நாங்கள் இப்படித்தான் நிற்போம்.

தக்காளிக் கூடைகள் அடுக்குகிற கொட்டகையின் ஒரு ஓரத்தில் லேத் இருந்தது. படத்தில் மட்டுமே பார்த்த பொருளை அப்போதுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். கை வைத்துத் தடவ வேண்டும் போலிருந்தது. லேத் சார் லேத்தைத் தடவக்கூடாது என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மணிமேகலை சுவிட்சைப் போட்டார். கொட்டகையே அதிர்ந்தது. நான் குனிந்தேன். மெஷினை என்னால் பார்க்க முடியாமல்தான் குனிந்தேன், உண்மையில். குனிந்த இடத்தில், மேசையின் ஒரு கால் தரையைத் தொடாமல் இருந்தது. சிமென்ட் தரை அங்கே குழிந்திருந்தது. மேசையும் லேசான இரும்பு மேசை. ஓட்டுச் சில்லு ஒன்றை அந்தக் காலுக்கடியில் செருகச் சொன்னேன். பெரியண்ணன் இரண்டு சாக்கில் மணல் கட்டிக்கொண்டு வந்து மேசையின் கீழ்த்தட்டில் வைத்தார். மறுபடி சுவிட்சைப் போட்டால் லேத் பூனை மாதிரி முனகிக்கொண்டு ஓடியது.

பெரியண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த மாதிரி ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. பிளசிகூடப் புருவத்தை உயர்த்தினாள். அந்த நிமிடத்தில் நான் சாப்பிடப் போயிருக்க வேண்டும். கோழிக் குழம்பு வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் என் வாய், "ஒரு கட்டையை மாட்டுங்க, கடைஞ்சு காட்டுறேன்," என்றது.

மணிமேகலை முகக்கவசத்தை எடுத்து நீட்டினார். எனக்கெதற்கு என்பதுபோல் கையசைத்தேன். "போடாம கிட்டக்கயே போகக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க," என்றார். போட்டுக்கொண்டேன்.

வேப்பங்கட்டை ஒன்று சுழன்றது. உளியை முதலில் இரும்புத் தாங்கியில் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். பிறகுதான் மெதுவாகக் கட்டையைத் தொட வேண்டும். இதை எத்தனை பேருக்கு எத்தனை குரல்பதிவில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் கட்டை சுழலும் சத்தம் பக்கத்தில் கேட்டதும் என் கை என்னைக் கேட்கவில்லை. உளி தாங்கியில் உட்காராமலே நேராகக் கட்டையில் போய்ப் பாய்ந்தது.

டமார் என்று ஒரு சத்தம். உளி கையைவிட்டுப் போனது. கட்டை பிடுங்கிக்கொண்டு வந்து முகக்கவசத்தில் அடித்தது. அடுத்து நான் பார்த்தபோது ஒரு தக்காளிக் கூடைக்குள் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, காலிக் கூடை.

பிளசிதான் முதலில் ஓடிவந்து மெஷினை நிறுத்தினாள். கவசத்தைக் கழற்றி என் கண்களை விரித்துப் பார்த்தாள், கழுத்தைத் திருப்பச் சொன்னாள், கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் மறுபடி முதல் விரலிலிருந்து மடக்கிப் பார்த்தாள். பெரியண்ணன் தண்ணீர்ச் சொம்போடு நின்றார். கவசத்தின் நடுவில் ஒரு விரிசல் குறுக்காக ஓடியிருந்தது. அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். நான் இல்லாமல் மணிமேகலை தனியாக இப்படிச் செய்திருந்தால்? கவசம் போடச் சொன்னதும் நான்தான். அவரைத் தைரியமாக மெஷின் வாங்க வைத்ததும் நான்தான்.

கூடையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டேன். என்னிடம் லேத் கிடையாது. இன்றைக்கு வரை உளியைத் தொட்டதும் கிடையாது. எல்லாம் பார்த்தது, படித்தது.

பெரியண்ணன் சொம்பை என்னிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதுபோல் மனைவியைப் பார்த்தார். மணிமேகலை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அப்பவே சந்தேகந்தாங்க சார். குரூப்ல எல்லாரும் கிண்ணம் போடுறாங்க, கரண்டி போடுறாங்க. நீங்க பேச்சு மட்டுந்தான் போடுவீங்க."

"அப்பறம் எதுக்குங்க என்னை நம்பி வாங்குனீங்க?"

"சொன்னதெல்லாம் சரியாத்தான இருந்துச்சி. மத்தவங்க எல்லாம் அவங்கவங்க வெச்சிருக்கற மெஷினத்தான் வாங்கச் சொன்னாங்க. மெஷினே வெச்சிருக்காத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

இதைவிடப் பெரிய பாராட்டோ இதைவிடப் பெரிய அடியோ எனக்குக் கிடைத்ததில்லை. எது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிப்பதில் எனக்கிருக்கும் வேகம்தான் தெரியுமே.

சாப்பிட்டு முடித்த பிறகு, கிளம்பலாம் என்று நான் எழுந்தேன். பிளசியும் மணிமேகலையும் கொட்டகைக்குள் போய்விட்டார்கள். கவசத்தின் விரிசலுக்கு மேலே பெரியண்ணன் வண்டிக் கண்ணாடிக்கு ஒட்டுகிற டேப்பை ஒட்டிக் கொடுக்க, இந்த விரிசலோடு யாரும் போட வேண்டாம் என்று பிளசி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள். அவர் பைக்கில் பென்னாகரம் போய் ஹார்டுவேர் கடையில் புதிது இரண்டு வாங்கி வந்தார். வேகத்தைக் குறைத்து, நான் பக்கத்தில் நின்று வாயால் சொல்லச் சொல்ல, மணிமேகலை, பிளசி, நான் என்று மூன்று பேரும் மாறி மாறிக் கடைந்தோம். உளியைத் தாங்கியில் வை. கைப்பிடியைத் தாழ்த்து. இப்போது தொடு. மணிமேகலைக்குப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எனக்குத் தூசிதான் பறந்தது. பிளசி, ஊசி போடுகிற அதே அமைதியான முகத்தோடு உளியை நகர்த்தினாள். முழ நீளத்துக்கு ஒரே சுருளாக வேப்பமரம் உரிந்து வந்தது. அவள் அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். திரும்பி வரும்போது பைக்கில் பின்னாலிருந்து அவள் என் தோளில் தட்டி, "நாமளும் ஒண்ணு வாங்குவோங்க," என்றாள்.

அன்றைக்கே குழுவில் உண்மையை எழுதிவிட்டேன். எழுதிவிட்டு, வெளியேற்றிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். பிறகு ஓசூரிலிருந்து ஒருவர், அதெல்லாம் இருக்கட்டும் சார், அரை குதிரைத்திறன் மோட்டார் எனக்குப் போதுமா என்று கேட்டார். போதும் என்று ஒரு வார்த்தையில் எழுதினேன். அவ்வளவு சுருக்கமாக நான் பதில் சொன்னது அதுதான் முதல்முறை.

எங்கள் லேத்தை பிளசி தேர்ந்தெடுத்தாள். நான் கைபேசியைத் திறந்து, சேர்த்துவைத்த ஒப்பீடுகளை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். அவள் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். வாஷிங் மெஷினுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் காலி. அளந்தாள். அந்த அளவுக்குள் அடங்கக்கூடிய லேத் சந்தையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆரம்பத்திலேயே, அது பொம்மை, தள்ளு என்று நான் ஒதுக்கிய மெஷின். உலகத்தில் இருக்கிற எல்லா லேத்தையும் அளந்த எனக்கு, அதை வைக்கப்போகிற இடத்தை அளக்கத் தோன்றியதே இல்லை.

மெஷின் வந்தது. தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்து வைத்தேன். அந்த வேலையில் எனக்கு அனுபவம் இருக்கிறது. பிளசி ஓய்வு நாட்களில் வளையங்களாகக் கடைந்து தள்ளுகிறாள். மாதத்துக்கு ஒருமுறை ஒரு பை நிறைய பென்னாகரம் பஸ்ஸில் போகிறது. மணிமேகலையின் பிள்ளைகள் அவற்றையும் கடிக்கத்தான் செய்கிறார்களாம். மரமாச்சே, கடிக்கட்டும் என்கிறார்.

நான் இதுவரை முழுதாக முடித்தது ஒரு மெழுகுவர்த்தித் தாங்கி. வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறோம். கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். மெழுகு ஒரே பக்கமாக ஒழுகுகிறது என்று பிளசி அந்தப் பக்கம் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறாள்.