பன்னிரண்டு ஊசிகள்

வாழ்க்கைத் திறன் ஆசிரியருக்கு ஒரே ஒரு ஆசை. பயிற்சியாளராகப் பதவி உயர்வு வாங்கி, வாத்தியார்களுக்கே வாத்தியார் ஆகிவிட வேண்டும். இன்று பார்வையிட வரும் அதிகாரி நல்லதாக நாலு வரி எழுதினால் போதும்.

காலையில் மனைவி அவர் கால்சட்டையைப் பார்த்தாள்.

"இடுப்புப் பட்டன் தொங்குதுங்க. உங்க பாடம்தானே, நீங்களே தைச்சுக்கங்க."

"நேரமாச்சு" என்று நழுவினார். ஆறு வருடமாக 'பொத்தான் தைத்தல்' நடத்துகிற மனிதருக்கு ஊசி பிடிக்கத் தெரியாது என்பது அந்த வீட்டைத் தாண்டாத ரகசியம்.

பள்ளியில் ஊசி இல்லாமல் இல்லை. பன்னிரண்டு இருந்தன, பீரோவுக்குள் பூட்டு போட்டு. இருப்புப் பதிவேட்டில் பன்னிரண்டு என்றால் வருடக் கடைசியிலும் பன்னிரண்டு இருக்க வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுத்து ஒன்று தொலைந்தால் யார் பதில் சொல்வது? அதனால் பிள்ளைகள் ஊசியின் பாகங்களை மனப்பாடம் செய்தார்கள், படம் வரைந்தார்கள், நூற்றுக்கு நூறு வாங்கினார்கள். கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் ஒருநாள், "சார், நூலை எப்படிக் கோக்கிறது?" என்று கேட்டுத் தொலைத்தாள். அது பரீட்சைக்கு வராது என்று உட்கார வைத்துவிட்டார்.

அதிகாரி வந்தார். பாடநூலை எழுதிய குழுவுக்குத் தலைவரே அவர்தான். ஆசிரியர் விறைப்பாக எழுந்து பெரிய கும்பிடாகப் போட்டார். பட்டென்று பட்டன் தெறித்து, உருண்டு, அதிகாரியின் காலடியில் போய் நின்றது. வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது. இடுப்பைப் பிடித்தபடி நின்ற ஆசிரியருக்கு அழுகை வராத குறை. ஆறு வருடக் கனவு ஒரு பட்டனோடு போயிற்று.

அதிகாரி குனிந்து அதை எடுத்தார்.

"நல்லதாப் போச்சு. செய்முறையாவே காட்டிடுங்க."

பீரோ திறந்தது. ஊசிகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஆசிரியர் ஒரு கையால் ஒன்றைப் பிய்த்து எடுத்தார். கையை விட்டால் மானம் போகும், விடாவிட்டால் நூல் கோக்க முடியாது. கடைசி பெஞ்சுப் பெண் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"ஐயா, பாடத்த எழுதினவரே ஒருதடவ காட்டினா பிள்ளைங்களுக்குப் பாக்கியம்" என்று ஊசியை நீட்டினார்.

அதிகாரியின் முகம் வெளுத்தது. ஆசிரியரைப் பீரோக் கதவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், தன் சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினார். இடுப்புப் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஊக்குகள்.

"நாலு மாசமா இப்படித்தான் ஓடுது. ஒண்ண நீங்க எடுத்துக்கங்க. வெளியில மூச்சு விடாதீங்க."

அறிக்கையில், 'செய்முறைக் கல்வி மிகச் சிறப்பு. பன்னிரண்டு ஊசிகளும் இருப்பில் உள்ளன' என்று எழுதினார்.

ஆசிரியருக்குப் பதவி உயர்வு வந்தது. அடுத்த வருடம் நாற்பது வாத்தியார்களுக்குப் புதிய பாடம் ஒன்றை முழங்கினார்: 'ஊக்கும் அதன் பாகங்களும்'. பதிவேட்டில் நாற்பது ஊக்குகள். பீரோவில் முப்பத்தொன்பது. மிச்சம் ஒன்று அவர் இடுப்பில் இருந்தது.