மடிப்பு மேசையின் ஏழு நிமிடம்

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளும் விடுதித் துண்டுகளும் மலை மலையாய் வந்து இறங்கும் அந்தச் சலவை ஆலையில், துணியைப் பிழிவதற்கு இயந்திரங்கள் பத்து. ஆட்களைப் பிழிவதற்கு மனிதர் ஒருவர். நேரக் கணிப்பாளர் என்பது அவருடைய பதவி. முள்ளு சார் என்பது ஆலை அவருக்குச் சூட்டிய பட்டம். கடிகார முள்ளாய் ஓயாமல் சுற்றுவதாலா, காலில் தைத்த முள்ளாய் உறுத்துவதாலா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இரண்டுக்கும்தான் என்று மறைக்காமல் சொல்லியிருப்பார்கள்.

அவர் கொடியவர் அல்லர். கொடுமை செய்யக்கூட அவருக்கு நேரம் இருந்ததில்லை. நின்றபடி சாப்பிடுவார், நடந்தபடி ஃபோன் பார்ப்பார், ஃபோன் பார்த்தபடி மனைவியின் பேச்சுக்கு 'உம்' கொட்டுவார். ஒருநாள் மனைவி தேநீர் போடுவதை ஸ்டாப்வாட்சில் அளந்துவிட்டு, நான்கு நிமிடம் பத்து வினாடி ஆகிறது, சர்க்கரை டப்பாவை அடுப்பின் பக்கம் நகர்த்தினால் நாற்பது வினாடி மிச்சம் என்று அறிவித்தார். அன்றோடு தேநீரே நின்றுபோனது. மிச்சம், முழுதாக நான்கு நிமிடம் பத்து வினாடி. இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, நாளும் சிறிது நேரம் நிதானமாக இருங்கள் என்று மருத்துவர் சொன்னபோது, "எத்தனை நிமிஷம் டாக்டர்?" என்று கேட்ட மனிதர் அவர்.

அந்தத் திங்கட்கிழமை மேலாளர் அவரை அழைத்து ஆணையிட்டார். ஒவ்வொரு பிரிவிலும் வீணாகும் நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து வெள்ளிக்கிழமை காலைக்குள் எழுதித் தரவேண்டும். எழுதியது எதுவோ அது மறுவாரமே வெட்டப்படும். வீணாகும் நேரமாம்! மனிதனின் நேரத்தில் எது வீண், எது விளைச்சல் என்று தீர்ப்பெழுதும் உரிமையை இவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர் யார்? அந்தக் கேள்வி முள்ளு சாரின் மனத்தில் அன்று எழவில்லை. அவர் ஸ்டாப்வாட்சுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

வேட்டை முதல் நாளே கிடைத்தது. முதல் மடிப்பு மேசையில் எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். காலை பத்து நாற்பது ஆனதும் பதினாறு கைகளும் ஒன்றாக நின்றன. எட்டு ஃபோன்களையும் ஒரு தலையணை உறைக்குள் போட்டு முடிச்சிட்டுக் கொக்கியில் தொங்கவிட்டார்கள். பிறகு ஆளுக்கொரு துணிமூட்டையின்மேல் உட்கார்ந்தார்கள். பத்து நாற்பத்தேழுக்கு எழுந்தார்கள். மணி அடிக்கவில்லை, யாரும் சொல்லவில்லை, சண்டையில்லை, சத்தமில்லை.

மேசையின் தலைப்பக்கம் நிற்பவரை எல்லாரும் மடிப்பக்கா என்பார்கள். முள்ளு சார் அவரிடம் போனார்.

"என்னக்கா பண்றீங்க?"

"சும்மா இருக்கோம் சார்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். பிரிச்சுப் பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காது."

இத்தோடு எழுதி முடித்திருக்கலாம். ஆனால் கணிப்பாளரின் கண் கணக்கின்மேல் விழுந்துவிட்டது. கோணலாக மடித்ததும் கறை தப்பியதும் சரிபார்ப்பு அறையிலிருந்து திரும்பி வரும். நிற்காமல் உழைக்கும் இரண்டாம் மேசைக்கு நாளொன்றுக்கு அறுபத்தொரு துணி திரும்பி வந்தது. ஏழு நிமிடம் நின்றுபோகும் இந்த மேசைக்கு வந்தவை ஒன்பது. மடித்த மொத்தத்திலும் இவர்கள் ஒரு துணிகூடக் குறையவில்லை. ஓடுகிறவர்கள் பின்தங்கி, உட்கார்ந்தவர்கள் முந்துவதா? பத்தொன்பது ஆண்டு நேரம் அளந்தவருக்கு இது கணக்கா கண்கட்டா என்று விளங்கவில்லை. இவர்கள் அங்கே ஏதோ செய்கிறார்கள், வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்.

செவ்வாய்க்கிழமை ஒளிவு மறைவில்லாமல் எதிரிலேயே நின்று துப்புத் துலக்கினார். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை விரித்தாள், மடக்கினாள். ஒருத்தி ஒரு டம்ளர் தண்ணீரைக் கடிதம் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். இருவர் முதுகோடு முதுகு சாய்ந்து கண்ணை மூடினார்கள். ஒருத்தி சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னதான் இருக்கிறது என்று அவரும் எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறச் சுவர், அதில் ஒரு தண்ணீர்க் குழாய். திரும்பி அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் கடலைப் பார்ப்பவளின் நிறைவு இருந்தது.

மடிப்பக்காவை விடாமல் துருவினார். அவரும் ஒளிக்காமல் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடுப்பகல் ஆவதற்குள் அவருக்கு விரல் மரத்துப்போகுமாம். கை இங்கே மடிக்க, மனம் வீட்டில் பாத்திரம் தேய்க்குமாம். வீட்டுக்குப் போனால் மனம் இங்கே வந்து துணி மடிக்குமாம். ஒருநாள் முடியாமல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். எழுந்து பார்த்தபோது கை தானாக நேராக மடித்தது. அன்று மாலை பிள்ளைகள்மேல் எரிந்து விழவுமில்லை. மறுநாளும் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள், அவளும் உட்கார்ந்தாள்.

"மந்திரம் ஒண்ணும் இல்ல சார். மூச்சு தானா வருது, தானா போகுது. நாம நடுவுல போய் நிக்காம இருந்தாப் போதும்."

"நான் உக்காந்து பாக்கலாமா?"

துண்டு மூட்டை ஒன்றைத் தட்டி இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தார். எதிரே சுவரைப் பார்த்தார். சுவரில் எத்தனை செங்கல் என்று எண்ணத் தொடங்கினார். எண்ணக்கூடாது என்று நிறுத்தினார். நிறுத்தி எவ்வளவு நேரம் ஆனது என்று அறியக் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. நாற்பது வினாடி.

"சும்மா இருக்கறதயும் வேலை மாதிரியே பண்றாரு, பாரு," என்றாள் தண்ணீர் குடித்தவள். மேசை முழுதும் சிரித்தது. விந்தை என்னவென்றால், முள்ளு சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆலைக்குள் அவர் சிரித்து யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அன்று மாலை வீட்டில் ஃபோனை அலமாரியில் வைத்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி ஒருமுறை கடந்து போனார். இரண்டாம் முறை நின்றார்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா இருக்கேன்."

"நீங்களா?" அருகே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா? வேலைய விட்டு அனுப்பிட்டாங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க."

ஒன்றுமில்லை என்று அவர் சத்தியம் செய்யாத குறையாக எடுத்துச் சொன்னார். மனைவி நம்பவில்லை. நம்பாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவரைக் கண்காணித்தார். கண்காணிப்பு சிறிது நேரத்தில் களைத்துப்போய்ப் பேச்சாக மாறியது. எதிர் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றார் மனைவி. எந்த நிறம் என்று அவர் கேட்டார். எதிர்க்கேள்வி கேட்கும் கணவரைக் கண்டு எத்தனை நாளாயிற்றோ, மனைவி நிறத்தைச் சொல்வதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அது எத்தனை நிமிடம் என்று கணிப்பாளருக்குத் தெரியவில்லை. அளக்க மறந்துவிட்டார்.

மறுநாளும் மடிப்பு மேசையில் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் தாங்கியது. வியாழக்கிழமை நேரத்தாளை எழுதவேண்டிய நாள்.

அந்த ஆலையின் நேரத்தாளைப் பற்றி ஒரு சொல். அதில் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் ஒரு வேலை. 'சு' என்றால் சுருக்கம் நீக்குதல். 'ம' என்றால் மடித்தல். மடித்து முடித்ததும் அதன் தலையில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். 'மா' என்றால் அடுக்கு மாற்றுதல். 'தா' என்றால் தாமதம். தாமதம் என்று எழுதப்பட்டது தப்பியதாக வரலாறு இல்லை.

பத்து நாற்பதுக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் யோசித்தார். தாமதம் என்று எழுதினால் அந்த ஏழு நிமிடத்துக்குத் தூக்குத் தண்டனை. தாமதமும் இல்லையே, இவர்கள் யாருக்கும் பின்தங்கவில்லையே! வேலை என்று எழுதினால் பொய். உழைப்பைக் குறிக்க நாற்பது எழுத்து வைத்திருந்தவர்கள் ஓய்வைக் குறிக்க ஒரு புள்ளியைக்கூட ஒதுக்கியிருக்கவில்லை. கடைசியில், தொழிலாளி சொன்னதைச் சொன்னபடி எழுது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதினார்: சு, ம், மா.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அதைப் படித்தார். பேசத் தொடங்கிய நாள் முதல் தெரிந்த சொல்லை, ஐம்பது வயதில் அந்த மனிதரால் படிக்க முடியவில்லை. குறியீட்டுக்குப் பழகிய கண் குறியீட்டையே கண்டது. ஏழு நிமிடத்தில் சுருக்கம் நீக்கி, மடித்து முடித்து, அடுக்கும் மாற்றுகிறார்கள்! திரும்பி வரும் துணி ஒன்பதுதான்! பூரித்துப்போய்த் தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுப் பெருமை பேசிவிட்டு, அறிவிப்புப் பலகையில் தன் கையொப்பத்தோடு ஒட்டச் செய்தார்: 'திங்கட்கிழமை முதல் அனைத்துப் பிரிவினரும் நாள்தோறும் பத்து நாற்பது முதல் ஏழு நிமிடம் சு-ம்-மா முறையைக் கடைப்பிடிக்க வேண்டும்.' அதன் கீழே, மூன்று வேலைகளையும் ஏழு நிமிடத்துக்குள் முடிக்கும் விளக்கம் நீளமாக இருந்தது.

ஆலையே பலகையின் முன் கூடிச் சிரித்தது. விளக்கத்தைப் படித்ததும் சிரிப்பு அடங்கியது. மடிப்பக்கா மட்டும் சிரிக்கவே இல்லை. நேராக முள்ளு சாரிடம் வந்தார்.

"எங்ககிட்ட இருந்தது அந்த ஏழு நிமிஷம் ஒண்ணுதான். அதப் பிடுங்கி மூணு வேலையாக்கி, ஊருக்கே பங்கு போட்டுக் குடுத்துட்டீங்களே சார்."

அவர் வாய் திறப்பதற்குள் அக்கா போய்விட்டார். மறுபக்கம் மேலாளரோ, இந்தக் கண்டுபிடிப்புக்காகவே தலைமைக் கணிப்பாளர் பதவி காத்திருக்கிறது என்று காலையிலேயே அவர் முதுகில் தட்டியிருந்தார். வாயை மூடிக்கொண்டால் பதவி. வாயைத் திறந்தால் வசவு. எத்தனை பெரிய மனிதர்கள் இந்த இடத்தில் வாயை மூடி வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்! கணிப்பாளர் மூன்று மாடிப் படியேறி மேலாளரின் அறைக்குள் போனார்.

"சார், அந்த எழுத்த சேத்துப் படிங்க."

மேலாளர் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சும்மாவா?"

"ஆமா சார். சும்மா இருக்காங்க."

"சும்மா இருக்கச் சொல்லியா நான் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்? தலைமை ஆபீஸ் வரைக்கும் சொல்லியாச்சேய்யா."

"கணக்கு பொய் இல்ல சார்." அறுபத்தொன்றையும் ஒன்பதையும் எழுதிய தாளை மேசைமேல் வைத்தார். "டிரையரை ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழு நிமிஷம் ஆற விடறோம். ஏன்னு கேட்டா, மெஷின் கம்பெனி புத்தகத்துல போட்டிருக்குங்கறோம். ஆள எத்தன நிமிஷம் ஆற விடணும்னு எந்தப் புத்தகத்துல சார் போட்டிருக்கு? அவங்களே கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. நான் அதத்தான் எழுதினேன். அத வேலையா மாத்தினா ஒன்பது அறுபத்தொண்ணு ஆகும். அப்ப தலைமை ஆபீஸுக்கு என்ன சொல்வீங்க?"

மேலாளர் அவரை உட்காரச் சொல்லவுமில்லை, வெளியே போகச் சொல்லவுமில்லை. சினம் ஏறிய முகத்தில் ஒரு கணம் வேறொன்று எட்டிப் பார்த்தது.

"ஏழு நிமிஷமும் ஒண்ணுமே பண்ண மாட்டாங்களா?"

"மாட்டாங்க சார்."

"எப்படிய்யா முடியுது?"

"அதான் சார் எனக்கும் தெரியல."

தலைமைக் கணிப்பாளர் பதவியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை. அரைமணி நேரம் கழிந்து ஒரு முடிவு பிறந்தது. பலகையில் கீழே இருந்த விளக்கம் கிழிக்கப்படும். மேலே இருக்கும் அறிவிப்பு அப்படியே இருக்கும். கையொப்பமிட்டதைத் திரும்பப் பெற்றால் மேலாளருக்கு மானக்கேடு. ஒரு மாதம், எல்லாப் பிரிவுக்கும் ஏழு நிமிடம். திரும்பி வரும் துணி கூடினால் முதல் மேசை உட்பட எல்லாருக்கும் அது போய்விடும். குறைந்தால் நிலைத்துவிடும். தலைமை அலுவலகம் அது என்ன முறை என்று கேட்டால் என்ன செய்வது என்று மேலாளர் முனகினார்.

"நோட்டீஸ படிச்சுக் காட்டுங்க சார். பிரிச்சுப் படிச்சா உங்க முறை, சேத்துப் படிச்சா அவங்க முறை. ரெண்டுலயும் பொய் இல்ல."

மடிப்பக்காவிடம் அவர் சேதியைச் சொன்னபோது, அக்கா கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். எங்கள் ஏழு நிமிடம் இனி ஊரார் கையில் இருக்கிறது என்றார். அதனால், தெரியாத பிரிவுகளுக்குப் போய் நீங்கள்தான் உட்காரவேண்டும், எழுதிய கை உங்களுடையதுதானே என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை பத்து நாற்பதுக்கு அவர் இஸ்திரிப் பிரிவில் இருந்தார். ஆவி பறக்கும் பலகைகளின் நடுவே ஆறு ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப்போல விறைத்து நின்றார்கள். ஃபோன்களை ஒரு தலையணை உறைக்குள் போட்டாயிற்று. கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களுள் பருத்த உருவம் கொண்டவர் தொண்டையைக் கனைத்தார்.

"சார், எப்படி ஆரம்பிக்கறது?"

"ஆரம்பிக்கறதெல்லாம் இல்ல போலிருக்கு," என்றபடி முள்ளு சார் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். "எனக்கே நாலு நிமிஷந்தான் வருது. அஞ்சாவதுல என்ன இருக்குன்னு தெரியல. உக்காருங்க, பாப்போம்."