வியாழக்கிழமைத் துண்டு

எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். நாக்கு கூர்மை என்றும் சொல்வார்கள். முதலாவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டாவதற்கு மறுப்பே கிடையாது. எங்கள் பேக்கரியில் எடைபோடும் மெஷின் உண்டு, அளவுக் கரண்டிகளும் உண்டு. ஆனால் கேக் மாவு ஓவனுக்குள் போகலாமா கூடாதா என்று முடிவு செய்வது என் நாக்குதான். கருக்கிய சர்க்கரைப் பாகில் கசப்பு எவ்வளவு, புதுப் பட்டைத்தூள் பழசைவிடக் காரமா, ரம்மில் போட்ட திராட்சை ஊறியது போதுமா, எல்லாவற்றுக்கும் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தால் வேலை முடிந்தது. பதினெட்டு வருஷமாக எதையும் எழுதி வைத்ததில்லை.

ஓவன் என் வீட்டுக்காரர் பொறுப்பு. நாள் முழுக்க அதன் முன்னால் நிற்பார், நாலு வார்த்தை பேசமாட்டார். எதைக் கொடுத்து "நல்லா இருக்கில்ல?" என்று கேட்டாலும் "ம், நல்லா இருக்கு" என்பார். ஒருமுறை சர்க்கரையே போட மறந்த பன்னுக்கும் அதே பதில். இந்த மனுஷனுக்கு நாக்கு பேசவும் வரவில்லை, ருசிக்கவும் வரவில்லை என்று நான் எப்போதோ தீர்மானித்துவிட்டேன்.

அவருடைய தங்கை பாப்பாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். இருபத்தெட்டு வயசு, மருந்துக்கடையில் மருந்தாளுநர், இன்னும் வீட்டில் பெயர் பாப்பாதான். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்து வயசு. அன்றைக்கு மிச்சமிருந்த கேக்கை ஒண்டியாக முழுங்கிவிட்டு, வாயெல்லாம் கிரீமோடு, "அண்ணி, என் கல்யாணத்துக்கு நீங்கதான் கேக்கு செய்யணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மூன்று அடுக்கு, முந்நூறு பேருக்கு. பழங்கள் இரண்டு மாசமாக ரம்மில் ஊறிக்கொண்டிருந்தன.

புதன்கிழமை காலை என் இடது கன்னம் நன்றாகப் பொங்கின பன் மாதிரி ஆகிவிட்டது. பல் டாக்டர் ஈறைக் கீறிச் சீழை எடுத்துவிட்டு, ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். சீட்டோடு பாப்பாவின் கடைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்டுவிட்டால் அவளுக்கு அண்ணியும் தெரியாது, அண்ணனும் தெரியாது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? ரத்தம் உறையாம இருக்க, வலிப்புக்கு, அந்த மாதிரி?"

"உங்க அண்ணனோட குடித்தனம் பண்றதுக்கு மாத்திரை எதுவும் கண்டுபிடிக்கலயேடி."

அவள் சிரிக்கவில்லை. மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்தாள். மெட்ரோனிடசோல் என்று எழுதியிருந்தது. எனக்கு அந்தப் பெயர் தெரியும்.

"இது எதிர்வீட்டு டீச்சருக்கு வயித்துப்போக்குக்குக் குடுத்ததாச்சே? எனக்கு வலி பல்லுலடி."

"அவங்களுக்குக் குடல்ல அமீபா, உங்களுக்கு ஈறுல பாக்டீரியா. ரெண்டு கதையையும் முடிக்கறது இதேதான். ஆனா அளவு வேற, நாள் வேற. அவங்க வீட்டுல மிச்சம் இருந்தா வாங்கிப் போட்டுறாதீங்க. தினம் மூணு வேளை, சாப்பிட்டதும், தண்ணியோட முழுசா முழுங்கணும். பதினஞ்சும் தீரணும். ஒண்ணுக்குக் கொஞ்சம் கருப்பாப் போனா பயப்படாதீங்க. அப்புறம், இந்த அஞ்சு நாளும், முடிஞ்சு இன்னும் மூணு நாளும், மது கூடாது."

"நான் என்னிக்குடி குடிச்சேன்?"

"ரம்முல ஊறின திராட்சை?"

"அது ருசி பாக்கறது!"

"மாத்திரைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது அண்ணி. வாந்தி வரலாம், தலை பிளக்கலாம், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கலாம். என் கல்யாணத்துல நீங்க வாளியும் கையுமா உக்காரணுமா?"

என் கையின் பழக்கம் அவளுக்குத் தெரியும். முகத்துக்கு மாட்டும் துணியுறை ஒன்றை அவளே என் காதில் மாட்டிவிட்டாள். அது நல்ல யோசனைதான். அன்று சாயங்காலத்துக்குள் அந்த உறையின்மேல் கிரீம் மூன்று இடத்தில், பாகு இரண்டு இடத்தில், ரம் ஒரு இடத்தில். ஒவ்வொரு தடவையும் புறங்கை துணியில் இடித்த பிறகுதான் எனக்கு ஞாபகமே வந்தது. வீட்டுக்காரர் ஓவன் கதவுக்குப் பின்னால் தோள் குலுங்க நின்றார்.

வியாழக்கிழமை காலை கல்யாணக் கேக்குக்குப் பாகு காய்ச்சினேன். ரம் இல்லாத வெறும் பாகு என்பதால் உறையைக் கழற்றி ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். சாவிக்கொத்தை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. பாத்திரத்தில் கோளாறு என்று கொட்டிவிட்டு வேறு பாத்திரத்தில் காய்ச்சினேன். அதே ருசி. "பாத்திரம் தேய்க்கிற லட்சணமா இது?" என்று வீட்டுக்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் வாய் திறக்காமல் எல்லாப் பாத்திரத்தையும் மறுபடி தேய்த்தார். மூன்றாவது பாகும் அப்படியே. சர்க்கரை வியாபாரிக்குப் போன் போட்டு அவரையும் ஒரு பிடி பிடித்தேன். பிறகு காபி குடித்தேன். காபியும் இரும்பு. அதற்கப்புறம்தான் கோளாறு என் நாக்கில் என்று உறைத்தது.

"ஐயோ, அதைச் சொல்ல மறந்துட்டேன் அண்ணி" என்றாள் பாப்பா போனில். "உலோக ருசி வரும். மாத்திரை முடிஞ்சதும் போயிடும். கை கால் மரத்துப் போனாலோ தோல்ல தடிப்பு வந்தாலோ மட்டும் உடனே சொல்லுங்க."

நாளைக்குக் கேக் வேகவேண்டும். நாக்கு இல்லாமல் நான் எதை வைத்துச் செய்வது? கன்னமும் வற்றிவிட்டது, வலியும் இல்லை. இரண்டு நாள் நிறுத்தினால் நாக்கு திரும்பிவிடும், மிச்சத்தைக் கல்யாணம் முடிந்து போட்டுக்கொள்ளலாம் என்று நானே டாக்டராகி முடிவெடுத்தேன். மத்தியான மாத்திரையை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மேலங்கியைத் துவைக்க எடுத்த வீட்டுக்காரர் கையில் அது சிக்கியது. ஒரு தட்டில் இரண்டு துண்டு ரொட்டி, ஒரு டம்ளர் தண்ணீர், நடுவில் மாத்திரை. மேஜையில் வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டார். அந்த வருஷத்திலேயே அவர் பேசிய நீளமான போன் அதுதான். ஒரு நிமிஷம் இருக்கும்.

பாப்பா வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்தாள்.

"சரிடி, ராத்திரி ரெண்டாப் போட்டுக்கறேன், போதுமா?" என்றேன்.

"ரெண்டாப் போடவே கூடாது. இப்ப ஒண்ணு, ராத்திரி வேளையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. வலி போச்சுன்னா கிருமி செத்துப் போச்சுன்னு அர்த்தமா? பாதி உயிரோட விட்டா மறுபடி கிளம்பும் அண்ணி."

"கேக்கு சொதப்பிடுச்சுன்னா? பதினெட்டு வருஷமா நீ அதுக்குக் காத்திருக்கே. உன் கல்யாணத்தை நானே கெடுக்கச் சொல்றியா?"

அவள் மூக்கு சிவந்துவிட்டது. "கேக்கு சப்புன்னு இருந்தா ரெண்டு நாள் பேசிட்டு மறந்துடுவாங்க. எனக்கு அம்மா இடத்துல நிக்க நீங்க ஒருத்திதான் இருக்கீங்க. நீங்க வீங்கின முகத்தோட ஆஸ்பத்திரியில கிடந்தா, அந்தக் கேக்கை நான் யார் பக்கத்துல நின்னு வெட்டறது?"

ரொட்டியைத் தின்று மாத்திரையை முழுங்கினேன். கண் கலங்கியதற்கு ரொட்டித்தூள் மேல் பழி போட்டேன்.

"அண்ணா ருசி பாத்துச் சொல்லட்டும்" என்றாள் பாப்பா, கிளம்பும்போது. நான் சிரித்த சிரிப்பில் கன்னம் வலித்தது.

ஆனால் வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை காலை பாகு, மாவு, பழம் மூன்றையும் அவர் முன்னால் வைத்தேன். எனக்கே ஒன்றும் தெரியாத நிலையில் "நல்லா இருக்கில்ல?" என்று கேட்க முடியவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

அவர் பாகை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "இன்னும் அரை நிமிஷம் கருகணும். கசப்பு பத்தல."

நான் கரண்டியோடு நின்றுவிட்டேன்.

மாவுக்குப் போனார். "பட்டை சரி. கிராம்பு தூக்கல், கொஞ்சம் மாவு சேத்து அடக்கு. ஆரஞ்சுத் தோல் இன்னும் துருவிப் போடலாம். பழம் அருமையா ஊறியிருக்கு. அப்புறம்..." என்று இழுத்தார்.

"அப்புறம்?"

"உப்பு ஒரு சிட்டிகை குறைவு. எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா?"

"பதினெட்டு வருஷமா."

கரண்டியை எறியலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"நீ எங்க கேட்ட?" என்றார் மெதுவாக. "நல்லா இருக்குன்னு நீயே முடிவு பண்ணிட்டு வந்து நிப்ப. நான் தலையாட்டணும், அவ்வளவுதானே."

சண்டை போட நேரமில்லை. அவர் சொன்னபடி பாகைக் கருக்கினேன், கிராம்பை அடக்கினேன், உப்பைப் போட்டேன். மூன்று அடுக்கும் வெந்து வெளியே வந்தபோது வாசனை மட்டும் எனக்குத் தெரிந்தது. ருசி அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. அன்று முழுவதும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தில் கேக் அரை மணி நேரத்தில் காலி. மாப்பிள்ளையின் அத்தை மூன்றாவது துண்டுக்கு வந்து, எனக்கும் ஒன்றை வாயருகே நீட்டினாள். "அவங்களுக்குக் கூடாது!" என்று மணப்பெண் அங்கிருந்தே கத்தினாள். முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியதோடு விடாமல், புதுப்புடவை தரையில் புரள என்னிடம் வந்து, "மத்தியான மாத்திரை போட்டாச்சா? பட்டையைக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். என் கண்ணில் விரலை விட்டு ஆட்ட ஒருத்தி பிறந்திருக்கிறாள் என்றால் அது இவள்தான்.

புது வீட்டுக்குக் கிளம்பும்போது என் கையில் ஒரு பொட்டலம் வைத்தாள். உள்ளே கேக் துண்டு. மேலே மருந்துக்கடைச் சீட்டு, அவள் கையெழுத்தில்: 'வியாழக்கிழமைக்கு முன் தொடக்கூடாது. ஒரே வேளை. முழுதாக முடிக்கவும்.'

ஞாயிறு ராத்திரி கடைசி மாத்திரை, அதற்குமேல் மூன்று நாள் பத்தியம். செவ்வாய்க்கிழமை காபி காபியாக வந்தது. பொட்டலம் அலமாரியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

வியாழக்கிழமை சாப்பிட்டேன். முதல் வாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாகின் கசப்பு, அதன்மேல் ஆரஞ்சு, எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சிட்டிகை உப்பு. பதினெட்டு வருஷத்தில் என் கையால் இப்படி ஒரு கேக் வந்ததில்லை. இதுவும் என் கையால் மட்டும் வந்ததில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

எழுந்து உள்ளே போய், அன்றைக்குச் சுட்ட கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவரிடம் நீட்டினேன்.

"எப்படி இருக்கு?"

நிதானமாக மென்றார். "காஞ்சு போச்சு. ரெண்டு நிமிஷம் முன்னாடியே வெளிய எடுத்திருக்கணும்."

"ஓவன் உங்க பொறுப்பாச்சே!"

"அதான் சொல்றேன்" என்றார். முகத்தில் அசடு வழிந்தது.

கடையே அதிரச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தக் காய்ந்த கேக்கை இரண்டு பேரும் குறை சொல்லிக்கொண்டே, ஒரு துகள் மிச்சம் வைக்காமல் தின்று முடித்தோம்.