செல்லுக்குள்ள கரு

டாக்டரம்மா சொன்னதில் இரண்டு வார்த்தைதான் மொக்கையனுக்குப் பிடிபட்டது. அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

"போன மாசம் கர்ப்பப்பை வாயில இருந்து துணுக்குச் சதை எடுத்து மதுரைக்கு அனுப்புனோமில்ல, ரிசல்ட்டு வந்துருச்சு. செல்லு மாறியிருக்கு. செல்லுக்குள்ள இருக்கிற கரு பெருசாயிருக்கு. இப்படியே விட்டா பரவிரும். மதுரைக்குப் போயி பையை எடுத்துருங்க. இப்ப எடுத்தா ஆளு பொழைச்சுக்கும். தள்ளிப்போட்டா அப்புறம் ஒன்னும் செய்ய முடியாது."

சொல்லி முடித்ததும் அடுத்த ஆளுக்கு மணியடித்துவிட்டார். அருப்புக்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் எந்நேரமும் பொங்கல் கூட்டம்தான். திருப்பிக் கேட்க நேரமும் இல்லை, மொக்கையனுக்கு வாயும் வரவில்லை.

செல்லு என்றால் அவனுக்குத் தெரியும். பரளச்சியில் அவன் வீட்டு உத்தரத்தில் பாதியைத் தின்றது செல்லு. நிலைக்கதவில் மண்கோடு இழுத்து ஏறுவது செல்லு. பட்டணத்து ஆட்கள் கரையான் என்பார்கள். மருந்துத்தூளை வாங்கிப் போட்டுப் போட்டு அவன் விரல் நுனியெல்லாம் வெந்து போயிருந்தது. ஆனால் அது ஒரு பொம்பளை வயிற்றுக்குள் எப்படிப் போகும்? மண்ணில் படுத்து எழும்புவதாலா? களத்தில் உட்கார்ந்து மிளகாய் வற்றல் ஆய்வதாலா? அப்படியானால் ஊரில் ஒரு பொம்பளை மிஞ்சமாட்டாளே.

அவன் பெண்டாட்டி பெத்தம்மாள் பிடித்துக்கொண்டது அடுத்த வார்த்தையை.

பஸ் ஸ்டாண்டில் அவளாகவே போய் இரண்டு மாங்காய் வாங்கி மடியில் கட்டினாள். மாசி வெயிலில் பஸ்ஸு கொதித்தது. ஊரைத் தாண்டியதும் அவன் காதருகே குனிந்தாள்.

"கேட்டீகளா?"

"என்னத்த?"

"கரு பெருசாயிருக்காம்."

மொக்கையன் திரும்பிப் பார்த்தான். நாற்பத்தைந்து வயதுப் பொம்பளையின் முகம் சமைந்த பிள்ளை முகம்போல் இருந்தது.

"தீட்டு நின்னு ஏழெட்டு மாசம் ஆச்சுல்ல. நாங்கூட வயசாயிருச்சுன்னு நெனைச்சேன்."

"அப்புறம் உதிரம் படுதே?"

"எங்கக்காளுக்கும் பட்டுச்சு. நெறமாசம் வரைக்கும் பட்டுச்சு. புள்ள நல்லாத்தான இருக்கான்?" மடியில் கை வைத்தாள். "வரவே வராதுன்னு கெடந்தது வந்துருக்கு. அதப் போயி எடுங்கிறாக. நான் மாட்டேன்."

கல்யாணமான இருபத்திரண்டு வருசத்தில் அவளை யாரும் ஒரு வளைகாப்புக்கு முன்வரிசையில் உட்கார வைத்ததில்லை. வெள்ளாமை வேலைக்கு முதல் ஆளாய்க் கூப்பிடுவார்கள். தொட்டில் கட்டும் வீட்டில் அடுப்படியோடு நிறுத்திவிடுவார்கள். கண்மாய்க்கரை வேம்படியில் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பாலும் முட்டையும் கொண்டுபோனாள். ஆட்டுப்பால் காணாத வாரத்தில் கடைப்பால் வாங்கி ஊற்றினாள்.

அந்த வாரம் அவளைத் தண்ணீர்க்குடம் தூக்க விடவில்லை மொக்கையன். அவனே கிணற்றுக்குப் போனான். அவனுக்கும் ஆசை வந்துவிட்டது என்பதுதான் உண்மை. ஆனால் வைக்கோல் படப்புக்குப் பின்னால் அவள் அலசிப்போடும் துணிகளை அவன் பார்த்தான். நாளுக்கு நாள் துணி கூடிக்கொண்டு வந்தது, ஆள் வெளுத்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா சொன்னது மெய்யாக இருந்து, கொண்டு போகாமல் விட்டால் பெத்தம்மாள் சாவாள். பெத்தம்மாள் சொல்வது மெய்யாக இருந்து, இழுத்துக்கொண்டு போனால் சொந்தப் பிள்ளையைக் கொன்ற பாவி அவன். எது மெய் என்று யாரைக் கேட்பது?

தம்பி மகள் சத்யபிரியா அருப்புக்கோட்டையில் பிளஸ் டூ படித்தாள். உடம்பு, செடி, பூச்சி எல்லாம் அந்தப் படிப்பில் வருகிறது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"ஏத்தா சத்யா, செல்லுன்னா என்னத்தா?"

"உயிரோட இருக்கிற எல்லாமே செல்லாலதான் ஆகியிருக்கு பெரியப்பா."

"செல்லாலயா? தின்னுல்ல தீக்கும் அது!"

"ஐயோ, அந்தச் செல்லு இல்ல. இது வேற. கண்ணுக்குத் தெரியாது." சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு கட்டமும் பக்கத்தில் ஒரு கோணல் வட்டமும் போட்டாள். "இந்தக் கட்டம் செடியோட செல்லு. சுத்தி இருக்குல்ல, இது சுவரு. இந்த வட்டம் நம்ம செல்லு. நமக்குச் சுவரு கெடையாது, மெல்லிசா ஒரு சவ்வு மட்டுந்தான்."

"சுவரு இல்லாம எப்படி நிக்கும்?"

"நமக்குத்தான் எலும்பு இருக்கே. செடிக்கு எலும்பு ஏது? சுவருதான் தாங்குது. நடுவுல இது தண்ணிப்பை. தண்ணி நெறஞ்சிருந்தா செடி வெறப்பா நிக்கும். வத்துனா தொங்கிரும்."

"உச்சி வெயில்ல மொளகாச்செடி தலை தொங்குதே, அதானா?"

"அதேதான்."

அது ஒன்று அவனுக்குச் சுத்தமாகப் புரிந்தது. தெம்பு வந்து, கட்டத்துக்குள் அவள் வைத்திருந்த பொட்டுகளைக் காட்டினான். "இதெல்லாம் என்ன?"

"பசுங்கணிகம். எலை பச்சையா இருக்கிறது இதாலதான். வெயில வாங்கிச் செடிக்குச் சாப்பாடு ஆக்கும்."

"வெயிலையா? அப்ப நம்ம காட்டுல ஏந்தா வெள்ளாமை கொட்டல? நம்ம பக்கம் வெயிலுக்கா பஞ்சம்?"

"தண்ணியும் சேரணும் பெரியப்பா."

"அதான பாத்தேன்."

சத்யபிரியா சிரித்துக்கொண்டே இரண்டு படத்திலும் ஒவ்வொரு உருண்டை போட்டாள். "இது உட்கரு. செல்லு என்ன வேலை பாக்கணும், எப்பப் பெருகணும்னு சொல்றது இதுதான்."

மொக்கையன் துண்டை உதறி எடுத்தான். "கருவா? செடிக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"கத்திரிக்காய்க்கு?"

"இருக்கு."

"கெடா ஆட்டுக்கு?"

"கெடாய்க்கும் இருக்கு. ஒங்க ஒடம்புலயும் கோடிக்கணக்குல இருக்கு."

"ஏத்தா, ஆம்பளைக்கு ஏதுத்தா கரு?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்காமல் டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தான். செல்லு மாறியிருக்கு, கரு பெருசாயிருக்கு, பரவிரும். பாதியிலேயே அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. சாக்பீஸை விரலுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள்.

"பெரியம்மாவ எங்க பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வாங்க. கண்ணுல காட்டுனா நம்பிருவாக."

பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் மூக்கைத் துளைக்கும் மருந்து நாற்றம். கண்ணாடி ஜாடியில் ஒரு தவளை குடலைக் காட்டிக்கொண்டு மிதந்தது. சுந்தராம்பாள் டீச்சர் "மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சுரணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு மூலையில் பேப்பர் திருத்த உட்கார்ந்தார். சத்யபிரியா வெங்காயத்தில் தோலை உரித்து, சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

பெத்தம்மாள் குனிந்தாள். "ஒரே மயிராத் தெரியுது."

"அது ஒங்க கண்ணு எமை பெரியம்மா. மத்தக் கண்ண மூடுங்க."

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடி குனிந்தாள். பிறகு, "அடியே!" என்றாள். "கட்டம் கட்டமா இருக்குடி. சுவரு வச்சு வரிசையா. கட்டத்துக்கு ஒரு புள்ளி வச்சிருக்கு."

"அந்தப் புள்ளிதான் உட்கரு."

"வெங்காயத்துக்கா?"

"வெங்காயத்துக்குத்தான். இப்ப பெரியப்பா வாயத் தொறங்க."

தீக்குச்சியின் பின்பக்கத்தால் மொக்கையனின் கன்னத்து உட்புறத்தைச் சுரண்டினாள். வெற்றிலைக் காவி ஏறிய வாய். இரண்டு தடவை கழுவச் சொல்லி, மூன்றாம் தடவை சுரண்டியதை நீலச்சாயத்தில் போட்டாள்.

பெத்தம்மாள் பார்த்தாள். "இதுல சுவரு இல்ல. நீலமா, பிஞ்ச தோசையாட்டம் அங்கொன்னு இங்கொன்னாக் கெடக்கு. நடுவுல இருக்கு அதே புள்ளி."

"இவுகளுக்கும் கரு கோடிக்கணக்குல இருக்கு பாத்தீகளா? அதுக்காக இவுக என்ன முழுகாமலா இருக்காக?"

மூலையில் டீச்சர் குபுக்கென்று சிரித்துவிட்டார். மொக்கையனும் இளித்தான். காரியம் முடிந்தது என்றே நினைத்தான்.

பெத்தம்மாள் நிமிர்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வெங்காயத்துக்கும் இருக்கு. இவுகளுக்கும் இருக்கு. எனக்கு மட்டும் இருக்கக்கூடாதா?"

அவள் பாட்டுக்கு வாசலைப் பார்த்து நடந்துவிட்டாள்.

சத்யபிரியா பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. "பெரியப்பா, டாக்டரு ஒரு வார்த்தைய மறைச்சுட்டாக. ஆளு பயந்துரும்னு சொல்லியிருக்கமாட்டாக. எனக்கும் சொல்ல வாய் வரல."

"என்னத்தா?"

"அது புத்துநோயி. செல்லு கட்டுக்கு அடங்காமப் பெருகி, புத்து வச்சுருது."

மொக்கையன் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டான். செல்லு. பரவுவது. புற்று. எல்லாம் அவனுக்குத் தெரிந்த சங்கதிதான். "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றான். யாரைத் திட்டுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தச் செல்லு வேறு, இந்தச் செல்லு வேறு என்றாளே அந்தப் பிள்ளை. அப்படியானால் இரண்டும் புற்று வைப்பானேன்? மறுபடியும் குழப்பம். ஆனால் செய்ய வேண்டியது என்ன என்பதில் குழப்பம் இல்லை.

பஸ்ஸைவிட்டுப் பரளச்சியில் இறங்கிக் கண்மாய்க்கரை வழியாக நடந்தார்கள். வேம்படிக்கு வந்ததும் பெத்தம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புற்றுக்குக் கும்பிடு போட்டாள். போன வெள்ளிக்கிழமை முட்டை ஓடு இன்னும் கிடந்தது.

"பெத்தா, ஒனக்கு வந்துருக்கிறது புத்துநோயி."

கும்பிட்ட கை இறங்கவில்லை. "எது?"

"புத்து. உள்ள செல்லு பெருகிப் புத்து வச்சிருச்சு. அதான் உதிரம் படுது."

அவள் புற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டையில் ஒரு பல்லி எட்டிப் பார்த்து உள்ளே போயிற்று.

"இருவது வருசம் பால ஊத்துனேன்" என்றாள். "புள்ளையக் குடுன்னு கேட்டா, தன்னையவே எடுத்து உள்ள வச்சிருச்சாக்கும்."

அழுவாள் என்று நினைத்தான். அவளோ உழைப்பாளி. வீட்டுச் செல்லை அவனுக்குச் சமமாக வெட்டியவள். "வெட்டுனாத் திரும்ப வருமே. உத்தரத்துல எத்தனை தரம் வெட்டுனோம்?"

"பையோட எடுத்தா வராதாம்."

"அடியில கெடந்து முட்டை போடுற தாய்ச்செல்லையும் சேத்து எடுத்துருவாகளா?"

இந்தச் செல்லுக்குத் தாய்ச்செல்லு உண்டா என்று அவன் சத்யபிரியாவிடம் கேட்கவில்லை. "எடுத்துருவாக" என்றான்.

"அப்ப கரு இல்ல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். இருக்கிறது என்று அல்லவா அந்தப் பிள்ளை படம் போட்டுக் காட்டினாள்? கோடிக்கணக்கில் இருக்கிறதாம். "இருக்கு. நீ நெனைக்கிற கரு இல்ல" என்றான். அந்தக் கருவை அவனும் ஒரு வாரம் சுமந்திருந்தான்.

பெத்தம்மாள் குனிந்து செருப்பைப் போட்டாள். "ஆடு ரெண்டையும் தம்பி வீட்டுல கொண்டுபோயிக் கட்டிருங்க. நாளைக்கு மொதப் பஸ்ஸுக்கு மதுரைக்குப் போவோம்."

நாலெட்டு நடந்தவள் நின்றாள். மடியை அவிழ்த்தாள். அன்றைக்கு வாங்கிய இரண்டு மாங்காயில் ஒன்று மிச்சமிருந்தது. கொஞ்சம் வாடியிருந்தது.

"இந்தாங்க, நீங்க தின்னுங்க" என்று நீட்டினாள். "கோடிக்கணக்குல வச்சிருக்கிறது நீங்கதான?"

சிரிக்கச் சொல்கிறாளா, வைகிறாளா என்று தெரியவில்லை. வாங்கிக் கடித்தான். புளிப்பு உச்சந்தலைக்கு ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் முன்னால் நடந்தாள். அவன் மென்றுகொண்டே பின்னால் போனான்.